இடது கன்னம்

சோபாவின் முதுகுத் துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுடைய நாக்கு அதைக் கண்டுபிடித்தது. இடது கன்னத்தின் உட்புறம், கடைவாய்க்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சொரசொரப்பு. அன்றிலிருந்து அந்த நாக்குக்கு வேறு பிழைப்பே இல்லை. பேசும்போதும் அங்கேதான், படுத்தாலும் அங்கேதான். கண்ணாடியில் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. பதினேழு வயதில் பிடிக்க ஆரம்பித்த சிகரெட், இருபத்தாறில் தன்னைப் பிடித்துக்கொண்டது, புற்றுநோயேதான் என்று அவனே தீர்ப்பு எழுதிவிட்டான்.

இவ்வளவு பயந்தவன் சிகரெட்டை விட்டிருப்பான் என்று நினைத்தால் உங்களுக்கு அவனைத் தெரியாது. பெட்டிக்கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, வாய் அழுகிய படம் வேண்டாம், நுரையீரல் படம் போட்டது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினான். கடைக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

வேலையிடத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவனுக்கு எப்போதும் வாய் நிறைய ஆணி. எதைக் கேட்டாலும் 'உம்' என்றுதான் பதில் வரும். உம்மணாமூஞ்சி என்று பெயரே வைத்திருந்தார்கள்.

வீட்டில்தான் வினை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காரம் எரிந்தது, தட்டைத் தள்ளி வைத்தான். பேசினால் வலித்தது, பேசாமல் இருந்தான். மனைவி கிட்டே வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்லியிருக்கலாம், சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று பயம். அவளும் முதலில் உப்பைக் குறைத்துப் பார்த்தாள், பிறகு காரத்தை, பிறகு பேச்சை. ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

"நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். என்னைப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

போய் நிம்மதியாக இருக்கட்டும், நான் சாவதைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு மனம். போகாதே என்று காலில் விழு என்று இன்னொரு மனம். மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தான்.

டாக்டர் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னான். அவர் அதை மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. கையுறை விரலால் கன்னத்தைத் தடவி அமுக்கினார், விளக்கை இழுத்துப் பார்த்தார், மறுபடி அமுக்கினார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிறகு, முன்பல்லில் தேய்ந்திருந்த ஒரு சின்னப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். சொன்னான்.

"ஆணியை வாயில எந்தப் பக்கம் வச்சுக்குவீங்க?"

பதில் வருவதற்கு முன்பே அவன் விரல் இடது கன்னத்துக்குப் போய்விட்டது.

"குத்திக் குத்திப் புண்ணாகியிருக்கு. பயப்படுற மாதிரி இப்ப எதுவும் தெரியல. ஆணியை இனிமே டப்பாவுல வைங்க. ரெண்டு வாரத்துல ஆறலைன்னா கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "சிகரெட் இந்தத் தடவை உங்களை விட்டுடுச்சு. நீங்களும் அதை விட்டுடுங்க."

போன உயிர் திரும்பி வந்தது. தெருவில் இறங்கித் தனியாகச் சிரித்தான்; சிரித்ததில் வலித்தது, அந்த வலிகூட நன்றாக இருந்தது. பாக்கெட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டான். நாலடி நடந்து ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் ஓடினான்.

அவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அன்று பேசிய அளவு இருக்காது. படிக்கட்டில் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான், வாங்கிய பாக்கெட்டின் படம் உட்பட. அவள் அழவில்லை, திட்டவுமில்லை.

"வாயைத் திறங்க."

தாடையைப் பிடித்து, படிக்கட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இன்னும் பெருசா என்றாள். பை தோளிலிருந்து முழங்கைக்குச் சரிந்ததைக்கூடக் கவனிக்காமல் உள்ளே பார்த்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, அத்தனை சந்தோஷமாகவும் இருந்தது.

"இத்துனூண்டு" என்றாள். குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் தாடையை விடவில்லை.

மேல் வீட்டு மாமா படியிறங்கி வந்தவர், வழியில்லாமல் நின்றார். என்ன விஷயம் என்று தெரியாமலே மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவரும் குனிந்து எட்டிப் பார்த்தார்.