வண்டியை ஓட்டுவது யார்?

ஜோதிலிங்கத்துக்குத் தன் வண்டியைப் பற்றி யாராவது குறை சொன்னால் பொறுக்காது. அதுவும் மனைவி சொன்னால் கேட்கவே வேண்டாம். டர்போ வைத்த பெட்ரோல் கார். ஆறு வருடம் ஓடியும் வீட்டில் அதற்கு இருந்த செல்லம், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மதுவுக்குக்கூடக் கிடையாது.

காலையில் ஆர்.கே.புரத்திலிருந்து மதுவைப் புசா ரோடு பள்ளியில் விட்டுவருவது அவன் வேலை. பிறகு வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு மெட்ரோவில் குருகிராம் போய்விடுவான். மதியம் மதுவை அழைத்துவருவது மானசா.

ஏப்ரல் பாதியிலேயே அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, தௌலா குவான்ல ரிங் ரோட்ல சேர்றப்ப வண்டி இழுக்க மாட்டேங்குது. மிதிச்சா அப்படியே படுத்துடுது."

"பயந்து பயந்து மிதிச்சா எப்படி இழுக்கும்? காலைல நானும் அந்த வண்டியத்தான ஓட்டுறேன்? பயப்படாம ஓட்டு."

மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இரு, உனக்கு ப்ரூஃபோட காட்டுறேன்" என்றான்.

ப்ரூஃப் என்றால் பூஸ்ட் கேஜ். டர்போ எஞ்சினுக்குள் எவ்வளவு அழுத்தமாகக் காற்றைத் தள்ளுகிறது என்று காட்டும் சின்ன வட்ட மீட்டர். கம்பெனி அதை இந்த வண்டியில் வைத்திருக்கவில்லை. எண் ஓடும் கேஜா, முள் வைத்ததா? காற்றுக் குழாய் உள்ளே வரை வரும் வகையா, சென்சாரிலிருந்து ஒயர் மட்டும் வரும் வகையா? மனைவி பேச்சை இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்காதவன், முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களை இரண்டு வாரம் உட்கார்ந்து கேட்டான். கடைசியில் முள் வைத்த, சென்சார் உள்ள கேஜாக முடிவு செய்தான். ஒரு பட்டனை அழுத்தினால் முள் அதுவரை தொட்ட உச்சத்தைக் காட்டும். வாதத்தில் ஜெயிக்க அது போதும்.

கரோல் பாகில் கடைக்காரர் பொருத்தும் முன் கேட்டார், "காடி கௌன் சலாதா ஹை, பாய்சாப்?" வண்டியை ஓட்டுவது யார்?

"மைன்", நான்தான் என்றான் ஜோதிலிங்கம், ஒரு கணம்கூட யோசிக்காமல்.

கடைக்காரர் அவனையே ஸ்டீயரிங் பிடித்து உட்காரச் சொல்லி, அவன் கண்ணுக்குச் சரியாக, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கேஜை நிறுத்தினார். ஜோதிலிங்கம் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

மறுநாள் காலை, வெயில் இன்னும் ஏறாத ரிட்ஜ் ரோட்டில் முள் பதினாலைத் தொட்டு ஆடாமல் நின்றது. வீட்டுக்கு வந்ததும் மானசாவைக் கீழே கூப்பிட்டுப் பட்டனை அழுத்திக் காட்டினான்.

"பாத்தியா? பதினாலு. வண்டில ஒரு குறையும் இல்ல."

மானசா கேஜைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "அச்சா" என்றாள். அதற்கப்புறம் வண்டியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்து அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

மே மாதம், பள்ளியில் பெற்றோர் கூட்டம். லீவு போட்டுவிட்டு அவனும் போனான். முடிந்து வெளியே வந்தபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. அவன் சாவியைக் கேட்பதற்குள் மானசா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, சீட்டை முன்னுக்கு இழுத்துவிட்டிருந்தாள். மது பின்னால் ஏறிக்கொண்டாள்.

பக்கத்து சீட்டிலிருந்து கேஜ் சாய்வாகத் தெரிந்தது. அவன் மானசா பக்கம் சாய்ந்து, அவள் கண்மட்டத்திலிருந்து பார்த்தான். ஸ்டீயரிங் வளையம் அதை முழுசாக மறைத்தது.

"கேஜ் உனக்குத் தெரியலயா? சொல்ல வேண்டியதுதான?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

தௌலா குவானில் ரிங் ரோட்டில் சேரும் இடம். வலப்பக்கம் பின்னால் ஒரு பஸ் வேகமாக வந்துகொண்டிருந்தது. மானசா ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். முள் பத்துவரை ஏறியது. முன்னாலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம். முள் சரிந்து சைபரில் விழுந்தது. எஞ்சின் இரைந்ததே தவிர வண்டி வேகம் எடுக்கவில்லை. பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. ஜோதிலிங்கம் டாஷ்போர்டை இறுகப் பிடித்தான்.

மானசா கத்தவில்லை. நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, இடப்புறம் ஒடித்து, ஓரமாகவே ஊர்ந்தாள். பஸ் உரசாத குறையாகக் கடந்தது.

"டாடி, பயப்படாதீங்க" என்றாள் மது பின்னாலிருந்து. "அம்மா டெய்லி இங்க இப்படித்தான் ஓரமாப் போவாங்க."

வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி பானெட்டைத் திறந்தான். டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் கொதித்துத் தொளதொளத்திருந்தது. கைக்குட்டையை வைத்து அழுத்தினான். அடியில் ஒரு விரிசல் வாயைப் பிளந்தது. காலையில் சூடேறாமல் விறைப்பாக மூடிக்கிடந்தது மதிய வெயிலில் திறந்துகொண்டிருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். அவமானத்தில் அவனுக்கு முகம் எரிந்தது. அத்தனை மதியங்களும் மது பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மானசா அதற்குள் ஒரு ஆட்டோவை நிறுத்தியிருந்தாள்.

"மானசா, நீ பயப்படுறன்னுதான் நான்..."

"பயமா இருக்குன்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லலங்க. வண்டி இழுக்கலன்னுதான் சொன்னேன்."

மதுவை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

காரை இழுத்துப்போகும் டோ வண்டிக்குப் போன் செய்துவிட்டு ஜோதிலிங்கம் அவள் சீட்டில் நுழைந்து உட்கார்ந்தான். முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளவில்லை. தலையைத் தாழ்த்தி அவள் உயரத்துக்குக் கொண்டுவந்தான். கேஜ் தெரியவில்லை. அவள் தனக்காகத் திருப்பி வைத்திருந்த வலப்பக்கக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. அதில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவனைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.