கருப்பியின் வாயில் ஒரு சொல்

1

“கல்லறைத் தோட்டத்துல எங்க ஆத்தாளுக்கு ஒரு எடம் வேணும்.”

இந்தக் கதை பிறந்தது இந்த வாக்கியத்தில்தான். போதகரிடம் வேறு எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அப்பா பெத்தன் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துக் காவல்காரர், கேட்டால் வேலை போய்விடும். சின்னக்கண்ணு கேட்டுவிட்டாள்.

(சின்னக்கண்ணு நான்தான். ‘நான்’ என்று தொடங்கிய மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். அழுகை வந்து கெடுத்தது. ‘அவள்’ என்று எழுதினால் கோபம் மட்டும் வருகிறது. அது போதும்.)

2

ஆத்தங்குடிக்கு மேற்கே, செம்மண் பூமியில் பொழுது மெல்லப் புலர்ந்து —

வேண்டாம். பொழுது புலர்ந்ததை யார் பார்த்தார்கள்? 1934 பங்குனியில் ஒரு காலை சின்னக்கண்ணுவின் ஆத்தாள் கருப்பி செத்துப்போனாள். வெயிலில் உடல் தாங்காது. அவ்வளவுதான்.

கருப்பிக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. ஆகாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. புருஷனுக்கும் மகளுக்கும் ஆயிற்று. மூன்று வயதில் செத்து, அந்தத் தோட்டத்தில் கிடக்கும் மகனுக்கும் ஆயிற்று. அவள் மட்டும், “அடுத்த வருசம் முழுகுறேன்” என்பாள். முழுகிக் கிறிஸ்தவளானால் சிங்கம்புணரியில் அவளைப் பெற்ற தாயின் சாவுக்குக்கூடச் சொந்தக்காரர்கள் வாசல் மிதிக்க விடமாட்டார்கள். ஆனால் வேதக்கோயிலைக் கூட்டிப் பெருக்கியது அவள்தான். வாந்திபேதி வந்த வருஷம் சபையார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, கிடந்தவர்களைக் கழுவிவிட்டதும் அவள்தான். சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் போதகர் வீட்டுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைப்பார்கள், அவளும் எடுத்துவைத்தாள். அதை வாங்கிப்போனவர்கள் யாரும் நீ முழுகியாயிற்றா என்று கேட்டதில்லை.

மகனுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

3

(போதகருக்கு முதல் பிரதியில் தொந்தியும் ஏப்பமும் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். மனுஷன் ஒல்லி. சாவுச் சேதி கேட்டு உண்மையாகவே அழுதார்.)

“கிரியையால, செஞ்ச நல்லதால, யாரும் கரையேற முடியாது தாயி. விசுவாசந்தான்.”

“அப்ப அவ வச்ச பிடியரிசிய மட்டும் எப்படிச் சாப்புட்டீக?”

“பி.ஏ. படிச்ச வாயி!” என்றார். கோபம் தணிந்ததும், “செஞ்சதப் பாத்து எடம்னா, ஒண்ணும் செய்ய ஏலாத முடவன் எங்குட்டுப் போவான்? இயேசு பக்கத்துல சிலுவையில தொங்கி மோட்சம் போன கள்ளன் என்ன செஞ்சான்? செய்யத்தான் அவனுக்குக் கை இருந்துச்சா?”

(வேதத்திலுள்ள கடிதங்களில், விசுவாசம் போதும் என்கிற நிருபம் அவர் பக்கம், கிரியை வேண்டும் என்கிற நிருபம் என் பக்கம். இரண்டும் ஒரே அட்டைக்குள் முறைத்துக்கொண்டு கிடக்கின்றன.)

“கள்ளனுக்குக் கை இல்ல. எங்க ஆத்தாளுக்கு இருந்துச்சு. செஞ்சா.”

4

போதகர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“சாகுறப்ப ‘இயேசுவே’ன்னு சொன்னாளா?”

அவள் சாத்திய கதவைப் பார்த்தாள்.

“சொன்னான்னு நீ சொல்லு. விசுவாசின்னு நான் பதிவுல எழுதிக்கிறேன். சபை மூப்பமாரு வாயத் தொறக்க மாட்டாக, உங்க அப்பனுக்கும் வேலை தங்கும். சாயங்காலம் மகன் பக்கத்துல படுத்துருவா. ஒரு வார்த்தை தாயி.”

5

ஒரு முடிவு: ‘இயேசுவே’ என்றாள் கருப்பி. முகத்தில் ஒரு ஒளி —

(எழுதுகிறவளுக்கு இதைவிடச் சுலபமான காரியம் ஏது? செத்தவள் வாயில் எதை வைத்தாலும் அவள் எழுந்துவந்து துப்பப்போவதில்லை.)

இன்னொரு முடிவு: போதகர் மனம் இளகி, சட்டத்தைத் தூக்கி எறிந்து —

(அந்த அறையில் அது நடக்கவில்லை.)

கருப்பி கடைசியாகச் சொன்னது, “ஆட்டக் கட்டுனியா?”

6

“சொல்லல ஐயா. ஆட்டக் கட்டுனியான்னு கேட்டா. கட்டிட்டேன்னேன். கண்ண மூடிட்டா.”

“அடப் பாவி மகளே, அத எதுக்கு எங்கிட்டச் சொன்ன? நீ வாயத் தொறக்காம இருந்தாலே நான் எழுதியிருப்பேனே!”

“பொய்யச் சொல்லிப் படுக்க வச்சா, அங்க கெடக்குறது வேற யாரோ ஒருத்தி ஐயா. எங்க ஆத்தா இல்ல.”

“அப்ப எங்குட்டுக் கொண்டுபோவ?”

கதவு மூலையில், குழி வெட்டும் மண்வெட்டி சாத்தியிருந்தது. அவள் அதை எடுத்துத் தோளில் வைத்தாள்.

“சின்னக்கண்ணு! அப்பன நெனச்சுப் பாரு!”

“நெனச்சுட்டுத்தான் வந்தேன்.”

பின்னாலேயே வந்து அவர் மறித்தாரா, மூப்பர்களைக் கூட்டினாரா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கம் மண் அள்ளினாரா, வாசிக்கிறவர்களே, அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தாள். படி இறங்கி, கல்லறைத் தோட்டத்தில் தம்பி கிடக்கும் பக்கமாக நடந்தாள்.