நான் கேட்டது இவ்வளவு பெரிய காத்தில்லை

யாதவி, நித்திரையோ? நித்திரையெண்டாலும் எழும்படி மச்சாள். எனக்குப் பயமாக் கிடக்கு. இந்தக் காத்தை வரவைச்சது நான்தான்.

சிரிக்காத. அப்பா பின்னேரம் இன்டர்லாக்கனிலயிருந்து வானில வெளிக்கிட்டவர். இன்னும் இங்க பாடனுக்கு, வீட்டை வந்து சேரேல்லை. போனும் வேலை செய்யேல்லை. அம்மா சோபாவில இருந்து மாறி மாறி அடிச்சுக்கொண்டிருக்கிறா. ஒவ்வொருக்காவும் அந்த மெஷின்காரி ஜெர்மனில "ஆளை இப்ப பிடிக்கேலாது" எண்டு ஆறுதலாச் சொல்லுறாள். அம்மா அவளோடயே சண்டை பிடிக்கத் துவங்கிட்டா.

நான் செய்த வேலையைச் சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லாத.

நான் பெரியபிள்ளையானதுக்கு ஞாயிற்றுக்கிழமை சாமத்தியவீடு எண்டு உனக்குத் தெரியும். ஆனா அந்தத் தாமரைப் பூ பற்றி உனக்குத் தெரியாது. அப்பா இன்டர்லாக்கன் ஹோட்டல்ல குசினி வேலை முடிய, அங்க தச்சு வேலை செய்யிற ஒரு சுவிஸ்காரனைப் பிடிச்சு, ரெண்டுபேருமாச் சேர்ந்து ஒரு பெரிய தாமரை செய்திருக்கினம். பலகை, ஸ்பொஞ்சு, ரோஸ் கலர்த் துணி. நான் அதுக்குள்ள குந்தியிருக்கவேணுமாம். புகை வருமாம். ரிமோட்டை அமத்தினா இதழ் விரியுமாம். நான் சிரிச்சுக்கொண்டு எழும்பவேணுமாம்.

அதைப் பாக்க ஆர் வருகினம் தெரியுமோ? என்ர கிளாஸ் டீச்சர். என்ர அரைவாசி வகுப்பு. எல்லாருக்கும் அப்பாவே ஜெர்மனில கார்ட் அடிச்சுக் குடுத்தவர். கார்ட்டில என்ர படம், எனக்குப் பின்னால ரெண்டு அன்னம். அதைப் பாத்திட்டு வகுப்பில லூக்கா என்னட்டை, "நீ கலியாணம் கட்டப்போறியோ?" எண்டு கேட்டவன். "இல்லையடா, அது வேற" எண்டு சொல்லிப்போட்டு டொய்லெட்டுக்குள்ள போய் ஒளிச்சிட்டன்.

அப்பாட்டை வேண்டாமெண்டு சொல்லேலாது. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா லீவில வருவார். வந்து சப்பாத்துக் கழட்ட முன்னமே பூவின்ர படத்தைக் காட்டுவார். முகம் அப்பிடிப் பிரகாசமா இருக்கும்.

அதுதான் புதன்கிழமை பிள்ளையாரட்டைப் போனனான். எங்கட வீட்டுச் சாமித்தட்டு எங்க இருக்கெண்டு தெரியுந்தானே, குசினி அலுமாரிக்குள்ள, ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில. கதவைத் திறந்து வடிவாக் கும்பிட்டு, "விழா நடக்கக்கூடாது. எப்பிடி நிப்பாட்டுறதெண்டு நீங்களே பாருங்கோ. நிப்பாட்டினா ஒரு வருஷம் மீன், இறைச்சி, ஒரு மச்சமும் தொடமாட்டன்" எண்டு நேர்ந்தன்.

நான் நினைச்சது விழா நடக்கிற ஹோல்ல ஒரு பைப் வெடிக்குமெண்டு. அவ்வளவுதான்! அந்த மனுசன் முழு சுவிஸையும் எடுத்துப்போட்டு உலுப்பினா நான் என்ன செய்யிறது?

அடுத்தநாளே துவங்கிட்டுது. இங்க மழை பெய்து அப்பிடியே ஐசாப் போச்சு. அம்மா பஸ்ஸுக்குப் போக வாசல்ல கால் வைச்சவா, அங்கயிருந்து பஸ் ஸ்டொப் வரைக்கும் இருந்தபடியே சறுக்கிப் போனவா. ட்ரைவர் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு பாத்திருந்தவனாம். "மானம் போச்சு, ஆனா பஸ் கிடைச்சுது" எண்டு எங்கட குடும்பக் குறூப்பில போட்டவா.

இண்டைக்குக் காத்துத் துவங்கின பிறகு குறூப்பை நீயும் பாத்தனிதானே? உன்ர அப்பா ரெனானில இருந்து எழுதுறார்: "எங்கட டிவி டிஷ் பறந்து கீழ்வீட்டு போர்த்துகல்காரற்றை பல்கனியில கிடக்கு. தண்டவாளத்தில மரமாம். ட்ரெயின் இல்லை." அப்பா இன்டர்லாக்கனில இருந்து ஒரு படம் போட்டார். வெறும் வெள்ளை ஸ்நோ, நடுவில குத்திவைச்ச ஒரு கூட்டுற தும்புத்தடி. "இதுக்குக் கீழதான் வான்" எண்டு எழுதியிருந்தவர். பெலின்சோனாவில இருந்து லக்ஷ்மணன் சித்தப்பா, அரைக்கை சேர்ட்டோட, கறுப்புக் கண்ணாடி போட்டு ஐஸ்கிறீம் குடிக்கிற படம் போடுறார். "இங்க நல்ல வெயில். நீங்கள் எல்லாரும் சும்மா புளுகுறியள்."

"டேய் லக்ஷ்மணா, உன்ர ஐஸ்கிறீமைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" எண்டு உன்ர அப்பா.

"மச்சான், பயமெண்டா இங்க வாங்கோ. சண் கிறீம் நான் தாறன்."

"நீ முதல் அந்த மலையைத் தாண்டி வந்து காட்டடா பாப்பம்."

நானும் சிரிச்சுக்கொண்டுதான் பாத்தன். உள்ளுக்குச் சந்தோசமாயும் இருந்தது. என்ர தாய்மாமன் உன்ர அப்பா இல்லாமல் ஆர் எனக்குத் தண்ணி வாக்கிறது? மாமா வரேலாட்டி விழா இல்லை. பிள்ளையார் கெட்டிக்காரன் எண்டு நினைச்சன்.

அப்பதான் அப்பா எழுதினார்: "வானைத் தோண்டி எடுத்திட்டன். பூவை ஏத்திப்போட்டன். வெளிக்கிடுறன்."

அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. செய்தியில அப்பா வாற வாவிக்கரை ரோட்டெல்லாம் பூட்டெண்டு சொல்லுறாங்கள்.

என்னால இருக்கேலாமப் போச்சு. குசினிக்குப் போய் அலுமாரியைத் திறந்து, "பிள்ளையார், நான் கேட்டதைத் திருப்பி எடுக்கிறன்" எண்டன். பிறகு யோசிச்சன். ஒரு பக்கம் ஒப்பந்தத்தை முறிச்சா மற்றப் பக்கமும் செய்யத் தேவையில்லை, அப்பிடித்தானே? பிரிஜ்ஜுக்குள்ள விழாவுக்குச் செய்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் அடுக்கியிருந்தது. ஒண்டை எடுத்து அவற்றை முகத்துக்கு நேரவே பிடிச்சுக் கடிச்சன். பச்சைத் தண்ணிக் குளிர். அவருக்கு விளங்காட்டி எண்டு ரெண்டாவதையும் திண்டன். மூண்டாவது வாய்க்குள்ள இருக்கேக்க அம்மா வந்திட்டா.

"என்னடி செய்யிறாய்? சாமிக்கு முன்னால! சனத்துக்கு வைச்ச ரோல்ஸ்!"

அழுதுகொண்டு எல்லாத்தையும் சொல்லிட்டன். வாய் நிறைய இறைச்சி. அம்மாவுக்கு அரைவாசிதான் விளங்கியிருக்கும். அவ பிரிஜ்ஜைச் சாத்திப்போட்டுக் கேட்டா.

"ஏன் பிள்ளை, ரெனானில மரம் விழுந்த சனம், இன்டர்லாக்கனில ஸ்நோ தள்ளுற சனம், அவையெல்லாம் உன்ர சாமத்தியவீட்டுக்கே வருகினம்? உனக்கொருத்திக்காக அவர் எல்லாருக்கும் காத்தடிக்கிறாரோ? அவ்வளவு பெரிய ஆளோ நீ?"

நியாயமான கேள்விதான். ஆனா அம்மா அதைச் சொல்லிப்போட்டு அலுமாரிக் கதவை மெதுவாச் சாத்தி, கதவிலயே கையை வைச்சபடி நிண்டவாடி. எனக்கு அதைப் பாக்கத்தான் கூடப் பயம் வந்தது.

பொறு. அம்மாவின்ர போன் அடிக்குது. தெரியாத நம்பராம்.

*

வந்திட்டன். அப்பாதான்! இருக்கிறார்!

அம்மா "எங்கயப்பா போனனீங்கள்" எண்டு கத்தி, அழுது, பிறகு போனை ஸ்பீக்கரில போட்டவா.

"ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்து ஜிம்முக்கை நிக்கிறன். முன்னாலயும் மரம், பின்னாலயும் மரம். பொலிஸ் எல்லாரையும் கொண்டந்து இங்க விட்டிருக்கு. என்ர போன் செத்துப்போச்சு. இது ஒரு சுவிஸ் கிழவியின்ர போன். மனுசி பக்கத்தில நிண்டு பாக்குது, கெதியாக் கதையுங்கோ."

"அப்பா" எண்டன் நான்.

"குஞ்சு, இன்னும் படுக்கேல்லையோ? பூவைப் பற்றி யோசிக்காத, அதுக்கு ஒண்டுமில்லை. நனைஞ்சிடுமெண்டு உள்ளுக்கை தூக்கியந்திட்டன். இப்ப ஒரு சின்னப் பெடியன் அதுக்குள்ள படுத்திருக்கிறான். ரிமோட்டை அமத்தி மூடிவிடச் சொல்லி ஒரே கரைச்சல்."

அந்த நேரம் எனக்கு என்ன வந்ததெண்டு தெரியாது. அவர் உயிரோட கதைக்கிறார் எண்டதாலயோ, முகம் தெரியேல்லை எண்டதாலயோ.

"அப்பா, எனக்கு அந்தப் பூ வேண்டாம். விழாவும் வேண்டாம்."

அம்மா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திட்டா.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" எண்டார் அப்பா.

"நீங்கள் வரேக்கையெல்லாம் பூவைப் பற்றித்தானே கதைச்சனீங்கள். வேற ஒண்டும் கதைக்கேல்லை."

அப்பா மெதுவா, "வேற என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை குஞ்சு. நீ வளந்திட்டாய்" எண்டார்.

நான் அழுதன். அம்மாவும். கிழவி ஏதோ கேட்டது, அப்பா ஜெர்மனில "என்ர மகள்" எண்டார்.

"சரி. வேண்டாமெண்டா வேண்டாம்" எண்டார் பிறகு. "டீச்சருக்கு நான் சொல்லுறன். ஹோல்காரனோடயும் நான் கதைக்கிறன். ஆனா உன்ர மாமன் சிவலிங்கத்துக்கு நீதான் சொல்லவேணும். அந்த மனுசனோட எனக்கேலாது."

"எனக்கும் ஏலாது" எண்டு அம்மா உடன சொன்னா. சொந்தத் தமையன்!

ரோட்டுத் திறந்தாப் பிறகுதான் அப்பா வெளிக்கிடுவார். காத்து இன்னும் நிக்கேல்லை. எங்கட ஜன்னல் இப்பவும் ஆடுது. அதால பயம் முழுக்கப் போகேல்லை. மிச்சம் இருக்கிறது உன்ர அப்பாவை நினைச்சு.

முதல்ல, அவருக்கு நீ சொல்லுறியோ எண்டு கேக்கத்தான் மிச்சத்தை எழுதினனான். இப்ப வேண்டாமெண்டு நினைக்கிறன். அவரை எழுப்பாத. காலமை அவர் தேத்தண்ணி குடிச்சு முடிய எனக்குச் சொல்லு, நானே போன் எடுக்கிறன். நீ பக்கத்தில நில். கத்தத் துவங்கினா போனைக் கொஞ்சம் தூரப் பிடி, ஆனா வைச்சிடாத.