விரிசல் விட்ட உத்தரம்

ஜீயபுரத்திலிருந்த தன் பழைய பங்களாவை அரசாங்கம் பாதுகாக்க வேண்டுமென்று நாலு வருஷம் மனு எழுதியவர் சவரிநாதன் வாத்தியார். 1981இல் உத்தரவு வந்தது. இனி அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட மாற்றக் கூடாது.

அந்த வருஷ மழையில் படுக்கையறைத் தேக்கு உத்தரம் விரிசல் விட்டது.

"அடியில ஒரு முட்டாவது கொடுங்க," என்றாள் மனைவி அமலராணி.

"அனுமதி கேட்டிருக்கேன். கேட்டு வாங்குன சட்டத்தை நானே மீறலாமா?"

மூன்றாம் வாரம் உத்தரம் அவள்மேல் விழுந்தது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் காட்டூரிலிருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

சவரிநாதன் அழைக்கப் போனார்.

"உத்தரத்தை மாத்திட்டேன். வீட்டுக்கு வா."

"அனுமதி வந்துருச்சா?"

"இன்னும் வரல."

"அன்னைக்கே மாத்தியிருக்கலாமேங்க," என்றாள்.

அவர் தனியாகத் திரும்பினார்.