வென்றவள் கேட்ட மறுபோட்டி

பட்டத்தை வென்ற மறுநாள் காலையில் இடக்கைக்கு வந்த முதல் வாழ்த்து அவள் அம்மாவிடமிருந்து. "நெசமாவே நீதான் ஜெயிச்சியா?" என்று தொலைபேசியில் கேட்டாள் அம்மா. பெற்ற மனம் அல்லவா, சந்தேகத்தைக்கூடப் பாசமாகத்தான் கேட்டது.

இடக்கை என்பது ஊர் வைத்த பெயர். இடது கையால் குத்துகிறவள். பகலில் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுவாள். மாலையில் அண்ணனிடம் குத்துச்சண்டைப் பயிற்சி. எட்டு வருடம் இப்படி ஓடியபிறகுதான் பட்டப்போட்டி வாய்த்தது. எதிராளி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். எல்லோருக்கும் அவள் 'டீச்சர்'. பத்துச் சுற்றும் முடிந்தபோது மூன்று நடுவர்களில் இருவர் இடக்கைக்கும் ஒருவர் டீச்சருக்கும் புள்ளி போட்டிருந்தார்கள். முடிவைக் கேட்டதும், ஜெயித்தது டீச்சர்தான் என்று அரங்கமே எழுந்து நின்று ஊளையிட்டது. நடுவரைக் குறிபார்த்து யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில், பாவம், அறிவிப்பாளரின் முதுகில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும், லிஃப்ட் பழுதுபார்க்கிற அவள் கணவர் "நல்லாத்தான் ஆடின" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. சலவை நிலையத்துக்குத் துணி போட வந்தவர்கள் எல்லாம் குத்துச்சண்டை நிபுணர்கள் ஆனார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் வங்கி மேலாளர், கால் எப்படி நகர வேண்டும் என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு ஆடிக் காட்டினார். பல் டாக்டர் தன் சட்டைகளை நீட்டி, "இதையாவது நேர்மையா தேய்ங்கம்மா" என்றார். இடக்கை எல்லாவற்றுக்கும் சிரித்தாள். காலரை மட்டும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தித் தேய்த்தாள்.

சிரிப்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனோடு உட்கார்ந்து போட்டியின் வீடியோவைப் பார்த்தாள். முதல் தடவை பார்த்தபோது ஆறு சுற்று அவளுடையதாக இருந்தது. இரண்டாம் தடவை ஐந்து. மூன்றாம் தடவை நான்கு. அண்ணன் எழுந்து போய் டிவியை அணைத்தான்.

"இன்னொரு வாட்டி பார்த்தா நீ மயக்கம் போட்டு விழுந்து தோத்துருவ" என்றான்.

அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எட்டு வருட உழைப்பில் வாங்கிய பட்டத்தின் பெல்ட், திருட்டுப் பொருளைப் போல அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தது. மறுநாளே அண்ணனோடு குத்துச்சண்டைச் சங்கத்துக்குப் போய் மறுபோட்டி வேண்டும் என்று கேட்டாள்.

சங்கச் செயலாளருக்குத் தலை சுற்றியது. முப்பது வருடத்தில் தோற்றவர்கள் வந்து அழுததுண்டு, திட்டியதுண்டு, ஒருவர் நாற்காலியையே தூக்கிக்கொண்டு போனதுமுண்டு. வென்றவர் வந்து மறுபோட்டி கேட்டதாகச் சரித்திரம் இல்லை. விண்ணப்பப் படிவத்திலும் 'தோற்றவர் பெயர்' என்று ஓர் இடம்தான் இருந்தது. சும்மா ஒரு சடங்குக்காக அதில் அவள் பெயரை எழுதிவிடலாமே என்று அவர் யோசனை சொன்னார். அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் படிவம் மேசைக்குள் போய்விட்டது.

விவாதிக்கக் கூட்டம் கூடியது. அதில் ஒருவர்கூட வாழ்நாளில் குத்து வாங்கியவர் இல்லை. அதனால் தைரியத்துக்குக் குறைவில்லை. இப்படி விட்டால் நாளைக்குப் பரீட்சையில் தேறியவனெல்லாம் மறுபரீட்சை கேட்பான் என்றார் துணைத்தலைவர். ஊர் வாயை அடைக்க இதுதான் வழி என்றார் பொருளாளர். அவளுக்குப் புள்ளி போட்ட நடுவர்களில் ஒருவர் கண் கலங்கி எழுந்து, தான் கொடுத்த வெற்றியை அவளே நம்பவில்லை என்றால் தனக்கு என்ன மரியாதை என்று கேட்டார். அவருக்கு ஆறுதல் சொல்வதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. அடி வாங்கப்போகும் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இடக்கை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில், டீச்சர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று தீர்மானம் ஆனது. முடிவு எடுக்கிற வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்ட நிம்மதியில் அனைவரும் வீட்டுக்குப் போனார்கள்.

இடக்கை நேராக டீச்சரின் பள்ளிக்குப் போனாள். வாசலில் புதுப் பலகை: 'மக்கள் மனதில் வென்ற வீராங்கனையிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.' உள்ளே சேர்க்கைக்கு வரிசை நின்றது. அநியாயத்துக்கு ஆளானவளிடம் கியர் போடக் கற்றுக்கொள்வதில் ஊருக்கு ஒரு புண்ணியம் இருந்தது. நடைபாதை மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்திய மாணவரை அனுப்பிவிட்டு, டீச்சர் அவளைக் காருக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றினாள்.

"அக்கா, இன்னொரு தடவை மோதிடலாம். உங்க கையெழுத்துதான் பாக்கி."

"எதுக்கு?"

"யாரு ஜெயிச்சதுன்னு தெரியணும்ல."

"யாருக்குத் தெரியணும்?"

இடக்கை கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு" என்றாள்.

டீச்சர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தபடி இருந்தாள். "ஏழாவது ரவுண்டுல விலாவுல நாலு போட்டியே, அதுக்கப்புறம் நான் அடிச்சதெல்லாம் வெறும் சத்தம். பதினோரு நாள் தும்மக்கூட பயந்துக்கிட்டு இருந்தேன். ஜனங்களுக்கு மூஞ்சியில விழுற அடிதான் கண்ணுக்குத் தெரியும். நீதான் ஜெயிச்ச."

இத்தனை நாளில் இந்த ஒரு வார்த்தையை இடக்கையிடம் சொன்னது, அவள் யாரை அடித்தாளோ அவள்தான்.

"இதை வெளியில சொல்லுங்களேன் அக்கா."

"சொல்ல மாட்டேன். மறுபடி மோதவும் மாட்டேன். பெல்ட் உன்கிட்ட இருக்கு, ஊரு என்கிட்ட இருக்கு. ரெண்டும் உனக்கே வேணும்னா எப்படி?"

முதலில் ஆத்திரம்தான் வந்தது. அந்தக் குறுகிய இடத்தில் இடது கையை வீச இடம் இருக்கிறதா என்றுகூட ஒரு கணம் அளந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சரும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின், அடுத்த வாரத்திலிருந்து தனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர முடியுமா என்று இடக்கை கேட்டாள். கார் மேல் அவளுக்கு ஆசை ஒன்றும் இல்லை. உண்மை தெரிந்த ஒரே ஆளோடு தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்த பெல்ட்டை அன்று மாலையே எடுத்துச் சுவரில் மாட்டினாள்.

இரண்டு பேரும் ஒரே காரில் போவதைப் பார்த்ததும் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. செய்த பாவம் உறுத்துகிறது, அதனால்தான் காலைப் பிடிக்கப் போயிருக்கிறாள் என்று வங்கி மேலாளர் விளக்கினார். 'சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் சமரசம்' என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார். சிக்னலில் நின்றபோது ஒருவர் குனிந்து, "டீச்சர், எங்களுக்கு நீங்கதான் சாம்பியன்" என்றார். டீச்சர் பணிவே உருவாகக் கைகூப்பினாள். சிரிப்பை அடக்கியதில் இடக்கை கிளட்சை விட்டுவிட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

ஆறு மாதம் கழித்து வேறொருத்தி சவாலுக்கு வந்தாள். மூன்று நடுவர்களும் ஒருமனதாக இடக்கைக்கே புள்ளி போட்டார்கள். நடுவர்களோடு சண்டை போட ஒன்றும் இல்லை என்று தெரிந்துபோனதால், பாதிக் கூட்டம் எட்டாவது சுற்றிலேயே பேருந்து பிடிக்கக் கிளம்பிவிட்டது. முடிவை அறிவித்தபோது கைதட்ட ஆள் கொஞ்சம்தான். அவள் அதை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, டீச்சரிடம் இரவல் வாங்கிய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.