பத்துப் புள்ளி ஒன்பது

நெடுங்காட்டு ராஜத்துக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வராதா பின்னே? நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, வாய்க்காலில் முறைத் தண்ணீர் நாளையோடு சரி, விடிந்தால் நடவாட்கள் வந்து நிற்பார்கள். இந்த நேரம் பார்த்து டிராக்டரின் பின்னால் சேறு கலக்கும் ரொட்டவேட்டரின் கியர் பாக்ஸில் பல் உடைந்து, வண்டி சேற்றிலேயே நிற்கிறது. புதுப் பல்சக்கரம் வர மூன்று நாளாகும் என்று காரைக்காலில் கையை விரித்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து வந்து என்ன புண்ணியம்?

நேரே நூருல் அமீனின் போல்ட்டுக் கடைக்குப் போனாள். ரொட்டவேட்டரைச் சுழற்றும் தண்டிலிருந்து கழற்றிய போல்ட்டை அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"இத வித்தது நீங்கதானே? என்ன சரக்குங்க விக்கிறீங்க? இந்த போல்ட்டாலதான் கியர் போச்சுன்னு மெக்கானிக் சொல்றான். என் வெள்ளாமையே போச்சு."

அமீன் போல்ட்டின் தலையைத் திருப்பிப் பார்த்தார். "இத ரொட்டவேட்டர்லயா மாட்டுனீங்க?"

"வேற எதுல மாட்டுவாங்க?"

"தலையில பாருங்க, பத்துப் புள்ளி ஒம்போது. பாலத்துக்குப் போடற உறுதி இது. உங்க தண்டுக்கு நாலு புள்ளி ஆறுதான் போடணும். கத்தி வேர்ல மாட்டுனா போல்ட்டு ஒடையணும்மா. ஒடையறதுக்குத்தான் அது இருக்கு. இது ஒடையல, கியர் ஒடைஞ்சிச்சு."

"தெரிஞ்சே ஏன் குடுத்தீங்க?"

"உங்க டிரைவர் சோமுதான் வாங்குனாரு. வீட்டு இரும்பு கேட்டுக்குன்னு சொன்னாரு. ரொட்டவேட்டருக்குன்னா நான் தந்திருக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும்."

ராஜத்துக்கு உச்சி மண்டை வரை சுர்ரென்று ஏறியது. அங்கேயே நின்று சோமுவுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டா பாவி, பொய் சொல்லி போல்ட்டு வாங்கி என் குடியக் கெடுத்துட்டியே. உனக்கு என்னடா கேடு?"

"நேத்து மூணு போல்ட்டு ஒடைஞ்சிச்சும்மா. இன்னொண்ணு ஒடைஞ்சா வண்டிய விட்டு எறங்கிடு, வேற ஆள் பாத்துக்கறேன்னீங்க. வேல போயிடும்னு பயந்துட்டேன்."

அவள் அப்படிச் சொன்னது நிஜம்தான். வயல் நடுவே, பத்துப் பேர் காதுபடச் சொல்லியிருந்தாள். போனை வைத்தாள். அமீன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அடுத்துப் பேச வேண்டியது நடவாட்களைக் கூட்டிவரும் அஞ்சுகத்திடம். நாளைக்கு வர வேண்டாம் என்றதும் அவள் பதறிப்போனாள்.

"தண்ணி போயிடுமேம்மா. சோமு எதையாவது ஒடைச்சிட்டானா?"

ஆமாம் என்று சொல்ல ராஜத்துக்கு வாய் துடித்தது.

"அவன் இல்ல. நான்தான் ஒடைச்சேன்," என்றாள் வெடுக்கென்று.