கிணற்று மேட்டுக்கு ஒரு சூரியன்

தோட்டத்து மண்ணைத் தம்ளர் தண்ணீரில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, சுப்புத்தாய் அப்பாவின் உதட்டோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். மண்மேல் ஏக்கம் இருந்தால் அதோடு உயிர் அடங்கிவிடும் என்பது ஊர் வழக்கம். ராக்கையாவுக்கு அடங்கவில்லை. மூச்சு கர்கர்ரென்று இழுத்துக்கொண்டே கிடந்தது.

"பொன்னை ஒரசி ஊத்தியாச்சு, மண்ணைக் கரைச்சு ஊத்தியாச்சு. அண்ணே இன்னும் எதைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்காகன்னு தெரியலையே," என்றார் சித்தப்பா நல்லகண்ணு. "சீட்டுக்கட்டைக் காமிச்சுப் பாப்பமா?"

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அசதி.

சுப்புத்தாய் தம்பியைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள். கர்ணன் அகமதாபாத்திலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக வந்து காலையில்தான் இறங்கியிருந்தான். சட்டைகூட மாற்றவில்லை.

"உன் மேலதான்டா ஏக்கம். நெனவு தப்புற வரைக்கும் 'கர்ணன் மிஷினு முடிஞ்சிருச்சா'ன்னுதான் கேட்டாக. முடிஞ்சிருச்சுன்னு காதுல சொல்லிரு. நிம்மதியாப் போகட்டும்."

"முடியலக்கா."

"முடியாட்டி என்ன? அவுக போயிப் பாக்கவா போறாக?"

சூரியனுக்குள் எரிகிற நெருப்பைத் தரையில் மூட்டி அதிலிருந்து கரண்டு எடுக்கிற வேலை கர்ணனுக்கு. வெளிநாட்டுக்காரர்களைப் போல மலை மாதிரி கட்டாமல் சின்னதாகக் கட்ட முடியும் என்பது அவன் பிடிவாதம். பொங்கலுக்கு வந்தபோது அப்பாவிடமும் சொன்னான். மோட்டாருக்குக் கரண்டு வரும் வரும் என்று காத்திருந்தே ஆயுள் கழிந்த மனிதர். சின்னது என்றதும், தன் கிணற்று மேட்டில் வைக்கிற அளவு என்று எடுத்துக்கொண்டார். பண்ணைப்புரம் டீக்கடையெல்லாம் சொன்னார். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் போல்ட்டு ஓட்டை விட்டு ஒரு சிமெண்டு மேடையும் போட்டுவிட்டார். காலையில் கர்ணன் அதைப் பார்த்தான். மேல் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது.

சின்னது ஆகாது என்று போன வாரம் கணக்குப் போட்டு முடித்தவனும் அவனேதான். வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவின் காதில் சொல்வதை ஊர் முழுக்கக் கேட்கும். சொல்லாவிட்டால் இந்த இழுப்பு.

உள்ளே போய்க் குனிந்தான்.

"யப்பா, முடிஞ்சிருச்சுப்பா. எரியுது."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். எல்லோரும் அப்பாவின் நெஞ்சையே பார்த்தார்கள். அது ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பார்த்துப் பார்த்து அலுத்து, ஒவ்வொருவராகக் காப்பிக்கு எழுந்து போனார்கள்.

கர்ணன் தோளில் கிடந்த துண்டை முறுக்கிச் சும்மாடு போல வளைத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தான். அவர் விரல்களை அதன்மேல் மடக்கித் தன் கையால் பொத்திக்கொண்டான்.

"பொய் சொன்னேம்ப்பா. முடியல. இந்தா, நெருப்பு இப்படி வளையமாத்தான் ஓடணும். தொட்டா சுவரு உருகிரும்னு பயந்தீகள்ல, அப்படியில்ல. சுவருக்குப் பெருசா ஒன்னும் ஆகாது, நெருப்புதான் குளுந்து செத்துப்போகும். அதான் தொடவிடாம காந்தம் புடிச்சு நிறுத்துது. வளையம் சின்னதாயிட்டா சூடு சீக்கிரமா வெளிய போயிருது. அதுக்கு ஈடா காந்தத்தோட பலத்தை ஏத்துனா, அதுல சுத்துன செம்புச் சுருளு தன்னைத்தானே பிச்சுக்கிட்டுத் தள்ளப் பாக்குது. முட்டுக் குடுக்கணும். எங்கன குடுக்க?" துண்டின் நடு ஓட்டைக்குள் விரலை விட்டான். "இம்புட்டுத்தான் எடம். செம்பு, இரும்பு, சுருளைக் காபந்து பண்ண ஒரு கெட்டிச் சுவரு, எல்லாம் இதுக்குள்ள அடங்கணும். அடங்கலப்பா. பெருசாத்தான் கட்டணும். அது நம்ம கிணத்து மேட்டுக்கு ஆகாது..."

இதை இவ்வளவு நீளமாகத் தமிழில் அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொற்கள் தடங்கலில்லாமல் வந்தன. அறையில் அவன் குரல் மட்டும்தான் கேட்டது.

பால் தம்ளரோடு வந்த சுப்புத்தாய் நிலைப்படியிலேயே நின்றாள். அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். அது ஏறவில்லை.

"தம்பி," என்றாள்.

"இரு அக்கா, இன்னும் கொஞ்சந்தான்." இரண்டு கைகளாலும் காந்தத்தைக் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தான்.

அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். அப்பாவின் உள்ளங்கையில் துண்டு முறுக்கு விட்டு மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது.